நட்டால் மட்டும் போதுமா?

பல்கலைக்கழகத்தில் மூன்று ஆண்டுகள் படித்த எவரும் ஒரு மரம் நடு விழாவிலாவது கலந்துகொண்டிருப்பார். காலை எட்டு மணிக்குப் பேருந்து. அனைவருக்கும் ஒரே நிறத்தில் டீ-சட்டை. முன்கூட்டியே தோண்டி வைத்த குழிகள். சிறப்பு விருந்தினர் கையில் ரிப்பன் கட்டிய புத்தம் புதிய மண்வெட்டி. கன்றைக் குழியில் இறக்கி, மண்ணைத் தள்ளி, ஒரு வாளி நீர் ஊற்றிப் படம் எடுத்து முடித்தால், நண்பகலுக்குள் நாசி லெமாக் பொட்டலத்துடன் விடுதிக்குத் திரும்பிவிடலாம். ஆண்டறிக்கையில் ‘இத்தனை மரங்கள் நடப்பட்டன’ என்ற வரியும் இடம்பெற்றுவிடும்.

நானும் அப்படியொரு விழாவில் கலந்துகொண்டவன்தான். கோலாலம்பூருக்கு அருகே ஒரு குன்றின் சரிவில் எங்கள் குழு 60 கன்றுகளை நட்டது. ஆறு மாதங்களுக்குப் பிறகு, தேர்வு முடிந்த விடுமுறையில், நண்பர்கள் இருவருடன் அங்கே போய்ப் பார்த்தேன். புதரை விலக்கித் தேடித் தேடி எண்ணியதில் 17 கன்றுகளே உயிரோடு இருந்தன. சிலவற்றைக் கொடி முழுவதுமாகப் போர்த்தியிருந்தது. சில காய்ந்த குச்சிகளாக நின்றன. சில இருந்த இடமே தெரியவில்லை. எங்கள் குழுவின் பெயரைத் தாங்கிய பலகை மட்டும் கொஞ்சமும் வாடாமல் நின்றது.

இதில் பிறரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நட்டவர்கள் நாங்கள், மறந்தவர்களும் நாங்கள். அன்று மனத்தில் தைத்த அந்தக் கணக்குதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். நம் நாட்டில் மரம் நடும் ஆர்வத்துக்குக் குறைவில்லை. 2021இல் அரசாங்கம் 10 கோடி மரங்களை 2025க்குள் நடும் இயக்கத்தைத் தொடங்கியது. ஆனால் நடுவது ஒரு நாள் வேலை. வளர்ப்பது மூன்றாண்டு வேலை. அந்த மூன்றாண்டு வேலை என்ன, அதில் மாணவத் தொண்டர்கள் எங்கே வருகிறார்கள் என்பதை இங்கே விளக்க முயல்கிறேன்.

மண்ணுக்குரிய மரம் எது?

நம் சாலைகளில் நிழல் தரும் மரங்களுள் பல வெளியூர்க்காரர்கள். கிளைகளைக் குடைபோல் விரிக்கும் தூங்குமூஞ்சி மரம் வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்தது. தரிசு நிலங்களில் தானே பரவும் அக்கேசியா ஆஸ்திரேலியா, நியூகினி பகுதிக்குரியது. நம் பாட்டன்மாரின் வாழ்க்கையோடு பின்னிப் பிணைந்த ரப்பர் மரமும் அமேசான் காட்டுப் பிள்ளையே. 1876இல் பிரேசிலில் சேகரித்த விதைகள் இலண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து, 1877இல் 22 கன்றுகளாகச் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. தீபகற்பத்தின் மலைச்சரிவுகளையெல்லாம் பின்னாளில் மூடிய பால்மரக் காடு, அந்தச் சில கன்றுகளோடு தொடங்கிய கதை.

அதற்கு முன் இங்கே இருந்தவை வேறு. மெராந்தி, கெருயிங், செங்கால், காப்பூர், மெராவான் ஆகியவை டிப்டரோகார்ப் என்னும் குடும்பத்தைச் சேர்ந்தவை. மலேசியத் தீபகற்பத்தில் மட்டும் இக்குடும்பத்தில் 150க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. இவை தவிர ஜெலுத்தோங், தெம்புசு, கெலாட், அகில் எனப்படும் காராஸ், தேனீக்கள் கூடு கட்டும் துவாலாங் என்று பட்டியல் நீளும். இவற்றுள் சில நம் முன்னோருக்கும் அறிமுகமானவை. காப்பூர் மரத்திலிருந்து கிடைத்த கற்பூரத்தைத் தேடித்தான் சுமத்திராவின் பாருஸ் துறைமுகத்துக்குத் தமிழ் வணிகர்கள் சென்றார்கள். அங்கே அவர்களுடைய வணிகக் குழு 1088இல் நாட்டிய தமிழ்க் கல்வெட்டு இதற்குச் சான்று.

‘மண்ணுக்குரியது’, ‘வந்தேறியது’ என்ற சொற்களை இந்நாட்டில் கேட்டவுடன் நம் காது சற்றுக் கூசும். அரசியல் மேடைகளில் அச்சொற்கள் மனிதர்களைப் பார்த்து வீசப்பட்டதை நாம் அறிவோம். இங்கே பேச்சு அதுவன்று. மனிதன் எங்கு பிறந்தானோ அந்த மண்ணுக்குரியவன். மரத்தின் கணக்கு வேறு. ஒரு மரத்தின் பூவைத் தேடி வரும் பூச்சி, கனியைத் தின்று விதையைப் பரப்பும் பறவை, வேரோடு கூடி வாழும் பூஞ்சை எல்லாம் இலட்சக்கணக்கான ஆண்டுகளில் ஒன்றோடொன்று பழகியவை. அந்த உறவுச் சங்கிலி இருக்கும் இடத்தில்தான் மரம் காடாகும். இல்லாத இடத்தில் அது நிழல் தரும் தூணாக மட்டுமே நிற்கும்.

அதனால்தான் நம்மிடம் ஆசைக்கு வேப்பங்கன்றையும் கறிவேப்பிலையையும் கொண்டுவந்து நடவேண்டாம் என்று தொண்டர்க் குழுக்கள் கேட்டுக்கொள்கின்றன. வேம்பு கோயிலுக்கும் வீட்டு முற்றத்துக்கும் அழகு. ஆனால் மலாயாக் காட்டுக்கு அது விருந்தாளி. புன்னை அப்படியல்ல. தமிழகக் கடற்கரையிலும் மலேசியக் கடற்கரையிலும் தானாகவே வளரும் மரம் அது.

காட்டு மரத்தின் குழந்தைப் பருவம்

டிப்டரோகார்ப் மரங்கள் ஆண்டுதோறும் காய்ப்பதில்லை. இரண்டு முதல் பத்து ஆண்டுகளுக்கு ஒரு முறை, ஒரு வட்டாரத்தின் மரங்களெல்லாம் பேசி வைத்ததுபோல் ஒரே பருவத்தில் பூத்துக் காய்க்கும். அப்போது சிறகு முளைத்த விதைகள் சுழன்று சுழன்று தரையில் விழும். எலி, பன்றி, பூச்சி எல்லாம் தின்று தீர்த்தபின்னும் கொஞ்சம் மிஞ்சட்டும் என்பதற்காக இயற்கை செய்துகொண்ட ஏற்பாடு என்று அறிவியலார் இதை விளக்குகின்றனர்.

இந்த விதைகளை நெல்போலக் காயவைத்துச் சேமிக்க முடியாது. ஈரம் வற்றினால் உயிர் போய்விடும். விழுந்த சில நாட்களில் முளைக்கவேண்டும்; இல்லையேல் அழுகிவிடும். ஆகவே காய்க்கும் பருவம் வரும்போது ஓடிப்போய்ப் பொறுக்கி, உடனே நாற்றங்காலில் இடவேண்டும். அடுத்த வாய்ப்பு எந்த ஆண்டு வரும் என்று எவராலும் உறுதி கூற இயலாது. ஒரு மெராந்திக் கன்று செத்தால் கடையில் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் இதை எண்ணிப் பார்க்கவேண்டும்.

அடுத்தது வேர். இம்மரங்களின் வேர் நுனிகளில் ஒருவகைப் பூஞ்சை போர்வைபோல் படிந்திருக்கும். அது மண்ணிலுள்ள சத்தையும் நீரையும் உறிஞ்சி மரத்துக்குக் கொடுக்கும். மரம் தான் சமைத்த சர்க்கரையில் ஒரு பங்கை அதற்குக் கொடுக்கும். தாய்மரத்தின் அடியிலிருந்து கொஞ்சம் மண்ணை எடுத்து நாற்றுப் பையில் கலப்பது இதற்காகத்தான். சுரங்கம் தோண்டியோ மண்ணை வெட்டித் தள்ளியோ வெறுமையாக்கிய நிலத்தில் அந்தப் பூஞ்சை இருக்காது. அங்கே கன்று பசியோடு நிற்கும்.

மூன்றாவது நிழல். பெருமரமாகி வானத்தைத் தொடப்போகும் மெராந்தி, குழந்தையாக இருக்கும்போது அரைநிழலில் வளரும். நண்பகல் வெயிலில் திறந்தவெளியில் நட்டால் இலை கருகிவிடும். எனவே முதலில் மகாங் போன்ற வேகமாக வளரும் முன்னோடி மரங்கள் வரவேண்டும்; அவற்றின் நிழலில் பெருமரங்கள் வளரவேண்டும். பழைய ரப்பர் மரங்களின் நிழலும் இதற்கு உதவும். ஆனால் ஓர் எச்சரிக்கை: பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பால்மரம் இலை உதிர்த்து மொட்டையாகிவிடும். மழை குறையும் நாட்களும் அவைதாம். அதுவரை நிழலில் இருந்த கன்றின் தலையில் ஒரே வாரத்தில் முழு வெயிலும் இறங்கும். அந்த மாதங்களில் தொண்டர் வராவிட்டால், ஆண்டு முழுதும் செய்த வேலை வீணாகும்.

கன்றைக் கொல்பவை

முதல் எதிரி கொடி. மைக்கேனியா என்பது வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்த மெல்லிய கொடி. இதய வடிவ இலையும் சிறு வெள்ளைப் பூவும் கொண்டது. ஆங்கிலத்தில் இதற்கு ‘நிமிடத்துக்கு ஒரு மைல்’ என்று பட்டப்பெயர். அது மிகை என்றாலும், மழைக்காலத்தில் நாளுக்குச் சில சென்டிமீட்டர் நீளும் என்பது உண்மை. கன்றின் தண்டைச் சுற்றி ஏறி, உச்சியில் விரிந்து, வெளிச்சத்தை மறைத்துவிடும். கணுவுக்குக் கணு வேர்விடக் கூடியதால், அறுத்துப் போட்ட துண்டு ஈர மண்ணில் பட்டால் அதுவே புதிய செடியாகும். தோட்டங்களில் மண்ணை மூடுவதற்காக வளர்த்த பியூராரியா போன்ற அவரையினக் கொடிகளும், தோட்டம் போன பிறகும் போகாமல் இதே வேலையைச் செய்கின்றன. முல்லைக்குத் தேர் கொடுத்த பாரியின் பெருமையைப் பேசும் நாம் இங்கே கொடியை அறுக்கவேண்டியிருப்பது வேடிக்கைதான். ஆனால் பாரி தந்தது கொடி பற்றிக்கொள்ள ஒரு தேரை. இந்தக் கொடிகள் பற்றிக்கொள்வதோ ஒரு குழந்தையின் கழுத்தை.

இரண்டாவது லாலாங் புல். வெட்ட வெட்டத் தழைக்கும். காரணம் மண்ணுக்கடியில் ஊசிபோல் ஓடும் தண்டு. வறண்ட காலத்தில் ஒரு சிகரெட் துண்டு போதும், மேடே பற்றி எரியும். லாலாங் மீண்டும் முளைக்கும், கன்று முளைக்காது.

மூன்றாவது எதிரி பலரும் எதிர்பாராதது: புல்வெட்டும் இயந்திரம். நைலான் கயிறு சுழலும் அந்த இயந்திரம் கன்றின் அடித்தண்டில் ஒரு முறை உரசினாலே பட்டை உரிந்துவிடும். இலை சமைக்கும் உணவு பட்டையின் உட்பகுதி வழியாகத்தான் வேருக்கு இறங்குகிறது. பட்டை வளையம்போல் சுற்றிலும் போய்விட்டால், மேலே பச்சையாக இருக்கும்போதே கீழே வேர் பட்டினியால் சாகும். சில வாரங்களுக்குப் பிறகு இலை வாடும்போது, நீர் போதவில்லை என்று நாம் நினைத்துக்கொள்வோம். வெட்டிய தொழிலாளியையும் குறை சொல்ல முடியாது. இடுப்பளவு புல்லுக்குள் முழங்கால் உயரக் கன்று அவர் கண்ணுக்கு எப்படித் தெரியும்?

நான்காவது, நட்டவர் செய்யும் பிழைகள். கறுப்புப் பையைக் கிழிக்காமலேயே நட்டுவிடுவது. பைக்குள் சுருண்ட வேரைப் பிரித்துவிடாமல் புதைப்பது. தண்டு அழுகும் அளவு ஆழமாக நடுவது. கல்லாக இறுகிய மண்ணில் பை நுழையும் அளவுக்கு மட்டும் குழி தோண்டுவது. நாங்கள் நட்ட அறுபதில் இறந்துபோன சிலவற்றைத் தோண்டிப் பார்த்தபோது, மூன்று கன்றுகளின் வேர் இன்னும் பைக்குள்ளேயே இருந்தது. அந்தக் குழிகளில் ஒன்று நான் மண் தள்ளிய குழியாகவும் இருக்கலாம்.

தொண்டர் செய்வது என்ன?

இந்தப் பணிக்கு வீரம் தேவையில்லை. திரும்பத் திரும்ப வருவதே தேவை. மாதம் ஒரு முறை ஒவ்வொரு கன்றையும் பார்ப்பது என்று வைத்துக்கொள்வோம். கன்றுக்குப் பத்து நிமிடம் என்றால் 100 கன்றுகளுக்கு 1000 நிமிடம். அதாவது ஏறக்குறைய 17 மணி நேரம். ஆறு பேர் மூன்று மணி நேரம் உழைத்தால் முடிந்துவிடும். பேருந்து நிறைய ஆள் வேண்டாம். ஒரு வேன் கொள்ளும் ஆட்கள் மாதம் ஒரு ஞாயிறு காலையைக் கொடுத்தால் போதும்.

அந்தப் பத்து நிமிடத்தில் செய்யவேண்டியவை இவை. முதலில் கன்றைக் கண்டுபிடித்து, கையால் தண்டைப் பிடித்துக்கொண்டு, சுற்றிலும் ஒரு மீட்டர் அளவு வட்டமாகப் புல்லை எடுக்கவேண்டும். தண்டுக்கு அருகே கத்தியோ மண்வெட்டியோ வேண்டாம், கையாலேயே பிடுங்கவேண்டும். கொடி ஏறியிருந்தால் அதை அடியில் அறுத்து, வேரைப் பிடுங்கிவிட்டு, மேலே இருப்பதை அப்படியே காயவிடவேண்டும், அல்லது சுற்றுச் சுற்றாகப் பிரிக்கவேண்டும். பிடித்து இழுக்கவே கூடாது. இழுத்தால் கொடியோடு கன்றின் நுனிக்குருத்தும் முறிந்து வரும். பிடுங்கிய மைக்கேனியாவை ஈரத் தரையில் போடாமல், ஒரு கட்டையின்மேலோ தாளின்மேலோ வெயிலில் காயப் போடவேண்டும்.

பிறகு மூடாக்கு. எடுத்த புல்லையும் காய்ந்த சருகையும் ஒரு கையகல உயரத்துக்குக் கன்றைச் சுற்றிப் பரப்பினால் மண் ஈரம் காக்கும். புதுப்புல் முளைப்பது குறையும். மட்கி உரமாகவும் மாறும். ஆனால் தண்டோடு ஒட்டக் குவிக்கக் கூடாது. ஒரு கையளவு இடைவெளி விடவேண்டும். இல்லையேல் ஈரத்தில் பட்டை அழுகும், கறையான் குடியேறும். ஊன்றுகோல் இருந்தால் கட்டு இறுகியிருக்கிறதா என்று பார்த்துத் தளர்த்தவேண்டும். கன்றைத் தாங்குவதற்காகக் கட்டிய கயிறே, தண்டு பருத்ததும் அதன் கழுத்தை அறுத்துவிடுவதுண்டு.

நீர் ஊற்றுவதில் ஒரு நுட்பம் உண்டு. நாள்தோறும் கொஞ்சம் தெளிப்பதைவிட, மழையில்லாத வாரத்தில் ஒரு முறை ஒரு வாளி நீரை மெதுவாக ஊற்றுவது நல்லது. மேலோட்டமாகத் தெளித்தால் வேரும் மேலேயே தங்கிவிடும். ஆழமாக இறங்கும் நீரைத் தேடி வேரும் ஆழமாக இறங்கும். கோலாலம்பூர்ப் பகுதியில் ஏப்ரலையும், அக்டோபர் நவம்பர் மாதங்களையும் ஒட்டி மழை மிகும். நடுவதற்கு அப்பருவங்களே ஏற்றவை. ஆனால் மரம் நடு விழாக்களோ நிதியாண்டையும் விருந்தினரின் நேரத்தையும் பார்த்தே வைக்கப்படுகின்றன.

கடைசியாக எழுத்து வேலை. ஒவ்வொரு கன்றுக்கும் எண் பொறித்த தகடு; இனம், நட்ட நாள், உயரம், நிலை ஆகியவற்றைக் குறிக்க ஓர் அட்டவணை. இது சலிப்பூட்டும் வேலைதான். ஆனால் எந்த இனம் எந்தச் சரிவில் பிழைக்கிறது, எந்த மாதத்தில் அதிகம் இறக்கிறது என்பதை வேறு எதுவும் சொல்லித்தராது. எத்தனை நட்டோம் என்ற கணக்கை விட எத்தனை வாழ்கின்றன என்ற கணக்கே நேர்மையானது. கணிதமும் கணினியும் படிக்கும் மாணவர்கள் மண்வெட்டி பிடிக்காமலேயே இப்பணிக்குப் பெரிதும் உதவலாம்.

எதைப் பிடுங்குவது என்று தெரியாமல் கை வைப்பதும் ஆபத்து. செண்டுடுக் என்னும் நம் நாட்டுச் செடிக்குப் பெரிய ஊதா நிறப் பூ. அதைப் போலவே தோன்றும் கிளிடேமியா என்னும் வெளிநாட்டுச் செடிக்கு இலையிலும் தண்டிலும் முரட்டு மயிர், சிறிய வெள்ளைப் பூ. முதலாவதை விடவேண்டும், இரண்டாவதை எடுக்கவேண்டும். அதுபோல் மகாங் செடியைக் களை என்று எண்ணி வெட்டிவிடுபவர்கள், மெராந்திக்குக் குடை பிடிக்க வந்தவரை விரட்டுகிறார்கள். சந்தேகம் வந்தால் விட்டுவிடுவதே விதி.

ஒரு குன்றின் கதை

கோலாலம்பூரின் மேற்கே, தாமான் துன் டாக்டர் இஸ்மாயிலை ஒட்டி நிற்கும் புக்கிட் கியாரா, நடைப்பயிற்சிக்கும் மிதிவண்டிக்கும் பெயர்பெற்ற இடம். அது முன்பு ரப்பர் தோட்டம். இன்றும் பழைய பால்மரங்கள் அங்கே நிற்கின்றன. அம்மரங்களுக்கிடையே ‘புக்கிட் கியாரா நண்பர்கள்’ என்ற தன்னார்வக் குழுவினர் காட்டு மரக் கன்றுகளை நட்டு, களையெடுத்து, நீரூற்றி வளர்த்து வந்திருக்கிறார்கள். நட்டதோடு நிற்காமல், கன்று தன் காலில் நிற்கும்வரை உடன் இருப்பது இக்குழுவிடம் கற்கவேண்டிய பாடம்.

அந்தத் தோட்டத்தில் பால் வெட்டியவர்களுள் பெரும்பாலோர் தமிழர்கள். நிலத்தை அரசு எடுத்துக்கொண்ட பிறகு, 1980களின் தொடக்கத்தில் அக்குடும்பங்கள் அருகிலேயே நீண்ட வீடுகளுக்கு மாற்றப்பட்டன. தற்காலிகம் என்று சொல்லப்பட்ட அந்த வாழ்க்கை நாற்பது ஆண்டுகளைத் தாண்டியது. 2017இல் தாமான் ரிம்பா கியாரா என்னும் பசுமைப் பகுதியில் அடுக்குமாடிக் குடியிருப்புகளும், நீண்ட வீட்டு மக்களுக்கான கட்டுப்படி விலை வீடுகளும் அடங்கிய திட்டத்துக்கு மேம்பாட்டு ஆணை வழங்கப்பட்டது. வட்டாரக் குடியிருப்பாளர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2023 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றம் அந்த ஆணை செல்லாது என்று தீர்ப்பளித்தது.

அப்போது ‘மரமா, ஏழைகளின் வீடா?’ என்று சிலர் கேட்டார்கள். நம் மாணவர்களிடையே கூட இந்தக் கேள்வி காரசாரமாக விவாதிக்கப்பட்டது. அது தவறாகக் கேட்கப்பட்ட கேள்வி என்பதே என் எண்ணம். அந்த மண்ணை உழைத்து வளர்த்தவர்களுக்கு வீடு கொடுப்பது தனிக்கடன். அதைப் பூங்காவை விற்றுத்தான் அடைக்கவேண்டும் என்பதில்லை. இளமரத்தைக் காக்கப் போகும் தமிழ் மாணவன், அம்மரத்துக்கு அப்பால் உள்ள கூரைகளையும் பார்க்கவேண்டும். பார்க்காவிட்டால், நம் தொண்டு வசதியுள்ளவர்களின் ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்காகச் சுருங்கிவிடும்.

இந்த வழக்கு இன்னொன்றையும் கற்பிக்கிறது. கன்றை மூன்றாண்டு காத்தாலும், நிலத்தின் நிலை உறுதியில்லை என்றால் ஒரே காலையில் இயந்திரம் வந்து அனைத்தையும் வழித்துவிடும். ஆகவே எந்த நிலம் எதற்காக ஒதுக்கப்பட்டிருக்கிறது என்று தெரிந்துகொள்வதும் மரம் காக்கும் பணியே. கோலாலம்பூர் வட்டாரத் திட்டம் 2040 கடந்த 2025இல் அரசிதழில் வெளியானது. அதன் வரைபடத்தில் நாம் வேலை செய்யும் குன்று என்ன நிறத்தில் இருக்கிறது என்று பார்க்க ஒரு மாலைப்பொழுது போதும்.

முடியுமா என்று கேட்பவர்களுக்கு

வெட்டவெளி மீண்டும் காடாகுமா என்று கேட்பவர்களைக் கெப்போங்குக்கு அழைத்துச் செல்லலாம். 1926இல் ஃபாக்ஸ்வொர்தி என்னும் வன ஆய்வாளர் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தபோது, பழைய காட்டில் மிகச் சிறிதே எஞ்சியிருந்தது. மற்றவை ஈயச் சுரங்கம் தோண்டிய நிலமும் காய்கறித் தோட்டமுமாக இருந்தன. அங்கே வன ஆய்வு நிலையம் அமைத்து, இனம் இனமாக மரங்களை நட்டு, பிழைத்ததையும் பிழைக்காததையும் எழுதி வைத்தார்கள். இன்று அங்குள்ள காப்பூர் மரங்களின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால், ஒரு மரத்தின் தலை இன்னொன்றைத் தொடாமல் வகிடெடுத்ததுபோல் வானம் கோடு கோடாகத் தெரியும். 2025 ஜூலையில் யுனெஸ்கோ இந்தக் காட்டை உலகப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. மனிதன் கையால் நட்டு வளர்த்த காடு, நூறு ஆண்டு ஆவதற்குள் இந்தப் பெருமையை அடைந்திருக்கிறது.

வெளிக்காடு

எனக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தவர் ஒரு நிபுணர் அல்லர், என் பாட்டி. தோட்டத்தில் பால் வெட்டியதோடு, பல ஆண்டுகள் வெளிக்காட்டு வேலையும் செய்தவர். இளங்கன்று நிரைகளில் புல் பிடுங்குவதும், கொடி அறுப்பதும், உரம் போடுவதும்தான் வெளிக்காடு. முதல் முறை தொண்டுக்குப் போய்வந்து, கொடியை இழுத்தபோது ஒரு மெராவான் கன்றின் குருத்து முறிந்துவிட்டதை வீட்டில் சொன்னேன். பாட்டி சிரித்துவிட்டார். “கொடிய யாராச்சும் இழுப்பாங்களாடா? அடியில அறுத்துட்டு வந்துரு. மூணு நாள்ல அதுவே காஞ்சி கழண்டுடும். கங்காணி பாத்திருந்தா உனக்கு அரைப்பேருதான் போட்டிருப்பாரு” என்றார்.

கைப்பேசியில் எடுத்த படத்தைக் காட்டினேன். கன்றைச் சுற்றி நாங்கள் குவித்த சருகைப் பார்த்ததும், “தண்ட விட்டு தள்ளிப் போடு, கறையான் ஏறும்” என்றார். பயிற்சிப் பட்டறையில் இரண்டு மணி நேரம் கேட்டதை அவர் இரண்டு வாக்கியத்தில் முடித்துவிட்டார். நம் வீடுகளில் இப்படிப்பட்ட அறிவு எத்தனை பேரிடம் பேசாமல் உட்கார்ந்திருக்கிறது! அது கூலிக்காகக் கற்ற அறிவு. பிறருடைய இலாபத்துக்காகச் செலவான அறிவு. வேறு நாட்டு மரத்தை இந்த மண்ணில் வளர்த்துக் கொடுத்த அந்தக் கைகளின் திறமை, இந்த மண்ணின் மரத்தை வளர்க்கப் பயன்படாமல் அவர்களோடு மறைந்துவிட்டால் இழப்பு நமக்குத்தான்.

தொடங்க விரும்புவோருக்கு

நிலத்தை நிர்வகிப்பவரின் அனுமதியில்லாமல் எங்கும் நடவோ வெட்டவோ கூடாது. ஏற்கெனவே இயங்கும் குழு ஒன்றோடு சேர்வதே எளிது. நீளக்கை சட்டை, நீளக் காற்சட்டை, பூட்ஸ், கையுறை, கொசு மருந்து, குடிநீர் கட்டாயம். வெறுங்கையைப் புதருக்குள் விடாதீர்கள். குளவிக்கூடும் பாம்பும் அங்கே உண்டு. கையில் காயம் இருந்தால் சேற்றில் வைக்காதீர்கள்; எலிச் சிறுநீரால் பரவும் காய்ச்சல் விளையாட்டல்ல. இடி கேட்டால் வேலையை அப்படியே விட்டு வண்டிக்குத் திரும்புங்கள். வேலை முடிந்ததும் காலணியில் ஒட்டிய விதைகளைத் தட்டிவிட்டு வாருங்கள். நாம் பிடுங்கிய களையை நாமே வேறிடத்தில் விதைக்கக் கூடாது.

மாணவர் கழகங்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த மரம் நடு விழாவுக்கு 100 கன்று என்று திட்டமிட்டால், அதை 30 ஆகக் குறைத்துக்கொள்ளுங்கள். மிஞ்சும் பணத்தை மூன்றாண்டுப் பராமரிப்புக்கு ஒதுக்குங்கள். நாம் மூன்றாண்டில் பட்டம் பெற்றுப் போய்விடுவோம். கன்றும் மூன்றாண்டில்தான் களையைத் தாண்டி எழும். எனவே ஒவ்வொரு புதிய செயலவையும் பொறுப்பேற்கும்போது, கணக்குப் புத்தகத்தோடு கன்றுகளின் அட்டவணையும் கைமாறட்டும். முன்னாள் மாணவர்களும் இதில் கைகொடுக்கலாம். தாங்கள் நட்டதைப் பார்க்க ஆண்டுக்கொரு முறையாவது வரலாம்.

நற்றிணையில் ஒரு புன்னை மரத்தைப் பற்றிய பாடல் உண்டு. விளையாட்டாக மணலில் புதைத்த விதை முளைத்துவிட, பாலும் நெய்யும் ஊற்றி அதை வளர்த்த பெண்ணிடம், அது உன் தங்கை என்று தாய் சொல்கிறாள். அந்தப் பாடலில் நட்டது தற்செயல், வளர்த்ததுதான் உறவு.

நாங்கள் கண்டெடுத்த 17 கன்றுகளுக்கும் இப்போது எண் இருக்கிறது. அவற்றில் இரண்டு சென்ற வறட்சியில் போய்விட்டன. மீதி 15. அவற்றுள் மூன்று என்னைவிட உயரம். அடுத்த மாதத்தின் முதல் ஞாயிறு காலை ஏழரை மணிக்கு மீண்டும் அங்கே போகிறோம். வேனில் இன்னும் நான்கு பேருக்கு இடம் இருக்கிறது.